ஆழ்மன உளவியலில் முதுகலை: பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகள்

"அக்கா, ஆழ்மன உளவியல்ல மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன். முடிச்சா கவுன்சலர் ஆகிடலாம்ல?"

இப்படிக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள். வங்கியிலோ ஐடியிலோ நல்ல சம்பளம் வாங்குகிறார்கள். இனியாவது மனதுக்கு அர்த்தமுள்ள வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆசிரியர்களும் தாதியரும் வருகிறார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் படிப்பு என்னை எப்படிப்பட்ட ஆளாக்கும் என்பது ஒரு கேள்வி, சிங்கப்பூரில் இதை வைத்து என்ன வேலை செய்யலாம் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு சேமிப்பை எடுத்துக் கட்டிவிடுகிறார்கள். என் கவலை அதுதான்.

மனிதன் தனக்கே தெரியாத காரணங்களாலும் நடத்தப்படுகிறான் என்பது ஆழ்மன உளவியலின் அடிப்படை. வியன்னாவில் ஃப்ராய்டு, அட்லர் என்ற மருத்துவர்களும், சுவிட்சர்லாந்தின் ஸூரிக்கில் யுங்கும் அதைத் தனித்தனி வழிகளில் வளர்த்தார்கள். யுங் இளம் மருத்துவராக 1900ல் ஸூரிக்கின் பர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே நோயாளியிடம் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, உடனே தோன்றுவதைச் சொல்லச் சொன்னார். பதில் வர எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்தார். சில சொற்களுக்கு மட்டும் பதில் தாமதமானது. அந்தத் தாமதத்தின் அடியில் ஆறாத ஏதோ ஒன்று கிடந்தது. இந்தப் படிப்பு கற்றுத்தருவதில் பெரும்பகுதி அந்தத் தாமதத்தைக் கேட்கப் பழகுவதுதான்.

சிங்கப்பூர் ஈசூனில் ஒரு மூதாட்டி. அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நெஞ்சு கனக்கிறது என்று பாலிகிளினிக்குக்கு நடையாய் நடந்தார். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்ததால் என்னிடம் அனுப்பினார்கள். கணவர், பிள்ளைகள், பேரன் பேத்தி எல்லோரைப் பற்றியும் தடையில்லாமல் பேசுவார். ஊரில் இருந்த தங்கையின் பேச்சு வந்தால் மட்டும் ஒரு கணம் நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுவார். சில வாரங்கள் கழித்து ஒரு கனவைச் சொன்னார். பழைய கம்பத்து (கிராமத்து) வீட்டு வாசலில் யாரோ நனைந்துபோய் நிற்கிறார்கள். இவரால் கதவைத் திறக்க முடியவில்லை.

தண்ணீர் என்றால் இது, கதவு என்றால் அது என்று பலன் சொல்வது ஆழ்மன உளவியல் ஆகாது. "வாசல்ல நிக்கிறது யாரா இருக்கும்னு உங்களுக்குத் தோணுதும்மா?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எந்தங்கச்சிதாம்மா" என்றார். தங்கை இறந்த சமயம் இவருக்குக் கைக்குழந்தை. ஊருக்குப் போகப் பணமும் இல்லை. அழ வேண்டிய அழுகையை அழாமலே எழுபது வயதைக் கடந்திருக்கிறார். நெஞ்சுக் கனம் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. அடுத்த ஆடி அமாவாசைக்குத் தங்கைக்குப் படையல் வைக்கப்போவதாகச் சொன்னார். அது அவராகவே எடுத்த முடிவு.

இப்படிக் கேட்பதற்குப் புத்தகப் படிப்பு போதாது. பிறரைப் பகுப்பாய்வு செய்ய விரும்புபவர் முதலில் தானே அதற்கு உட்பட வேண்டும் என்று வலியுறுத்தியது யுங்கின் ஸூரிக் குழு. 1912ல் ஃப்ராய்டும் அதைப் பாராட்டி எழுதினார். இன்றும் ஆழ்மனப் பயிற்சியின் உயிர்நாடி அதுவே. எதிரே இருப்பவர் தன் தகப்பனைத் திட்டும்போது எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று எனக்குத் தெரியாவிட்டால், நான் அவருக்கு உதவவில்லை, என் சண்டையை அவர் மூலம் போடுகிறேன். ஆகவே, படிப்பவரின் சொந்த சிகிச்சைக்கு இடம் தராத பாடத்திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தன் காயத்தைத் தேடியே இந்தப் படிப்புக்கு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு முதல் தேவை பட்டமல்ல, உதவி. இப்போதே மனம் தாங்கவில்லை என்றால் சிங்கப்பூரின் தேசிய மனநல உதவி எண்ணான 1771க்கு அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

இனி வேலை. ஆழ்மன உளவியல் முதுகலைகளில் பல, சிந்தனைக்கான படிப்புகள். கலிஃபோர்னியாவில் உள்ள பசிஃபிகா கிராஜுவேட் இன்ஸ்டிடியூட் இத்துறைக்குப் பெயர் பெற்றது. அங்கேயே ஆலோசனை உரிமத்துக்குத் தயார்செய்யும் படிப்பு வேறு, யுங்கியச் சிந்தனையை ஆராயும் படிப்பு வேறு. பெயரில் 'உளவியல்' இருப்பதாலேயே இரண்டாவதும் உங்களை ஆலோசகராக்கிவிடும் என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரில் குடும்பச் சேவை நிலையங்களோ பள்ளிகளோ மருத்துவமனைகளோ உங்களை வேலைக்கு எடுக்கும்போது, அங்கீகரிக்கப்பட்ட தகுதி, நேரடிப் பயிற்சி நேரம், மேற்பார்வை இவற்றைத்தான் பார்க்கும். ஆலோசகர் என்றால் சிங்கப்பூர் அசோசியேஷன் ஃபார் கவுன்சலிங், உளவியலாளர் என்றால் சிங்கப்பூர் உளவியல் சங்கம்: இந்தச் சங்கங்களின் பதிவேடுகள் எதைக் கேட்கின்றன என்பதை முதலில் பாருங்கள்.

அதனால், தொழிலையே மாற்ற நினைப்பவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் இங்கே செல்லுபடியாகும் ஆலோசனைப் பட்டம், ஆழம் அதன் பிறகு. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வேலையில் இருந்துகொண்டே ஆலோசனையில் முதுகலை படிக்க முடிகிறது. சில ஆண்டுகள் ஆட்களைச் சந்தித்துவிட்டு ஆழ்மன உளவியலுக்கு வந்தால், படிக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் சந்தித்த ஒரு முகம் தெரியும். ஏற்கெனவே ஒரு தொழிலில் வேரூன்றியவர்கள், உதாரணமாக அந்திமப் பராமரிப்புத் தாதியர், தமிழாசிரியர், சமூக ஊழியர், பதிவைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகவே படிக்கலாம். சாவுக்குக் காத்திருப்பவர் அருகில் வாயடைத்துப் போகாமல் உட்கார முடிவது எந்தப் பதவி உயர்வுக்கும் குறைந்ததல்ல.

தமிழில் இதைச் செய்யும் ஆட்கள் இங்கே தேவை. விடுதியில் தங்கி வேலை செய்யும் நம் ஊர்த் தம்பிகள் தூக்கமின்மையைப் பற்றிச் சொல்வார்கள். அதன் அடியில் இருப்பது கடனா, பயமா, வீட்டில் சொல்ல முடியாத ஏதாவதா என்பதைக் கேட்டறிய மொழி வேண்டும், பொறுமையும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லவேண்டும். பட்டம் வாங்கிய கையோடு காளியை 'தாய் ஆர்க்கிடைப்' (எல்லார் மனதிலும் உறையும் தொல்வடிவம்) என்றும், காவடியை ஏதோ ஒரு காம்ப்ளெக்ஸ் (மனச்சிக்கல்) என்றும் முத்திரை குத்துகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1922ல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், ஃப்ராய்டுக்குக் கடிதம் எழுதி, தன் நோயாளிகளிடம் கண்டது ஃப்ராய்டு சொல்வதிலிருந்து வேறு என்று வாதாடினார். நம் ஆட்களின் கனவுக்கும் சாமிக்கும் அவர்கள் சொல்லும் பொருளே முதல் பொருள். கோட்பாடு அதற்குப் பின்னால் வரட்டும்.

படிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்றால், சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், சிங்கப்பூரிலேயே அதைச் செய்யலாமா, மேற்பார்வையாளர் யார், படிப்பவரின் சொந்த சிகிச்சைக்குச் செலவு யாருடையது, இங்குள்ள பதிவுக்கு இந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பதிவேட்டை நடத்தும் சங்கத்திடமும் தனியாகக் கேளுங்கள். பதில்கள் எழுத்தில் வந்த பிறகு முன்பணம் கட்டலாம்.