ஃபாலோயரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

பக்கத்துக்கு 50,000 ஃபாலோயர். நேற்றுப் போட்ட பதிவுக்கு 11 லைக், அதில் பாதி சொந்தக்காரர்கள் போட்டது. “விளம்பரத்துக்குக் கொட்டியும் ஃபேஸ்புக்கில் ஒன்றும் விற்கவில்லையே, ஏன்?” என்று கேட்டு வரும் பக்கங்களின் நிலை திரும்பத் திரும்ப இதுதான். பக்கத்தின் புள்ளிவிவரம் காட்டும் இன்சைட்ஸைத் திறந்து ஃபாலோயர்கள் எந்த நாடு என்று பார்த்தாலே விஷயம் வெளியே வந்துவிடும். நீங்கள் பொருளே அனுப்பாத நாடுகள் பட்டியலின் தலையில் நிற்கும். ‘இரண்டே நாளில் 10,000 ஃபாலோயர்’ என்று யாரோ சொன்னதை நம்பி எப்போதோ காசு கொடுத்திருப்பார்கள்.

கேட்டால் பதில் ஒன்றுதான்: “எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தால் நம்பிக்கை வரும், நல்ல ஆட்கள் தானாகப் பின்னால் வருவார்கள்.” வரமாட்டார்கள். அது மட்டுமல்ல, ஏற்கெனவே இருக்கும் நல்ல ஆட்களையும் இழப்பீர்கள்.

நீங்கள் போடும் பதிவு ஃபாலோயர் அத்தனை பேர் கண்ணிலும் படுவதில்லை. இன்னாருக்கு இது பிடிக்குமா, நின்று படிப்பாரா, கமென்ட் போடுவாரா என்று கணித்துத்தான் ஃபீடில் இடம் கொடுக்கிறார்கள். விலைக்கு வந்த கணக்கு எதையும் படிக்காது. பார்த்த பத்துப் பேரில் ஒன்பது பேர் கண்டுகொள்ளாமல் போனால், இந்தப் பக்கத்தின் பதிவில் யாருக்கும் அக்கறை இல்லை என்றே கணிப்பு முடிவு கட்டும். பத்தாவது ஆள் உங்களிடம் நிஜமாகவே வாங்கக்கூடியவர். அவருக்கும் பதிவு போய்ச் சேராது. போலிக் கணக்குகளை ஃபேஸ்புக் அவ்வப்போது நீக்கும்போது, எதற்காகக் காசு கொடுத்தீர்களோ அந்த எண்ணிக்கையும் சரியும்.

இதைவிடப் பெரிய சேதம் விளம்பரத்தில் நடக்கிறது. பக்கத்தோடு தொடர்புடையவர்களை மூலமாக வைத்து லுக்அலைக் ஆடியன்ஸ் (அவர்களைப் போன்ற புது ஆட்களின் கூட்டம்) உருவாக்கினால், அந்த மூலத்தைப் போன்ற ஆட்களைத்தான் அது தேடிப் பிடிக்கும். குப்பையைக் கொடுத்தால் குப்பையைப் போன்றதைக் கொண்டுவரும், அதுவும் உங்கள் காசில்.

பரிசுப் போட்டியும் இதற்குத் தம்பிதான். ‘லைக் போடு, ஷேர் செய், மூன்று நண்பர்களை டேக் செய்’ என்று கெஞ்சும் பதிவுகளை 2017 டிசம்பரிலேயே ஃபேஸ்புக் கீழே தள்ள ஆரம்பித்துவிட்டது. சொந்த டைம்லைனில் ஷேர் செய்தால்தான் போட்டியில் சேரலாம் என்று நிபந்தனை வைப்பது விதிக்கே விரோதம். பரிசுக்கு வந்தவர் பரிசு முடிந்ததும் போய்விடுவார்.

உங்களிடம் பொருள் வாங்கியவர்களை வைத்து ஆடியன்ஸைக் கட்டுங்கள். முதல் விளம்பரம் போடுவதற்கு முன்பே இணையதளத்தில் மெட்டா பிக்சலை (தளத்துக்கு வருபவர் என்ன செய்கிறார் என்று ஃபேஸ்புக்குக்குச் சொல்லும் சிறு கோடு) வையுங்கள். வைக்காத நாட்களில் வந்து போனவர்களைப் பிறகு எப்படியும் மீட்க முடியாது. 2021 ஏப்ரலில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 14.5 வந்து, பயனரின் அனுமதி இல்லாமல் ஆப்கள் அவரைப் பின்தொடர்வதைத் தடுத்த பிறகு பிக்சல் மட்டும் போதவில்லை. சர்வர் வழியாகத் தகவல் அனுப்பும் கன்வெர்ஷன்ஸ் ஏபிஐயையும் சேர்த்துப் போடும்படி தளத்தைக் கவனிப்பவரிடம் சொல்லுங்கள். தளத்துக்கு வந்தவர்களை 180 நாள் வரைக்கும், பக்கத்திலோ இன்ஸ்டாகிராமிலோ ஈடுபட்டவர்களை அதைவிட நீண்ட காலத்துக்கும் கஸ்டம் ஆடியன்ஸில் (உங்களை ஏற்கெனவே அறிந்தவர்களின் கூட்டம்) வைத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் உச்ச நாளைப் போடாதீர்கள். கார்ட்டில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போனவருக்குப் பெரும்பாலும் 14 நாளே அதிகம்.

அடுத்தது ஃபேஸ்புக்கில் ஏற்ற வேண்டிய வாடிக்கையாளர் பட்டியல். உங்களிடம் வாங்கி, தொடர்புகொள்ளச் சம்மதமும் தந்தவர்களின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் போதும். எங்கேயோ விற்கும் எண் பட்டியலை வாங்கி ஏற்றவே ஏற்றாதீர்கள். எண்ணில் நாட்டுக் குறியீடு இருக்க வேண்டும். எக்செல்லில் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் ஆக மாற்றாமல் ஒட்டினால் 12 இலக்க எண் ‘E+11’ என்று சுருங்கும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடும். 3,000 பேர் ஏற்றியும் ஆடியன்ஸ் மிகச் சிறிதாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

லுக்அலைக்குக்கு ஒரே நாட்டில் குறைந்தது 100 பேர் கொண்ட மூலம் வேண்டும். ஆனால் 1,000 முதல் 5,000 வரை இருந்தால்தான் உருப்படியாக வரும். அந்த ஆயிரமும் சும்மா எட்டிப் பார்த்தவர்களாக இல்லாமல், இரண்டாம் முறை வாங்கியவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த நாட்டில் மூலத்தை மிகவும் ஒத்த 1 சதவீதத்தில் தொடங்குங்கள். 10 சதவீதம் போட்டால் சாயல் மங்கிவிடும்.

வாங்கி முடித்தவரைத் தயவுசெய்து எக்ஸ்க்ளூட் செய்யுங்கள், அதாவது விளம்பரத்திலிருந்து விலக்குங்கள். நேற்றுப் பணம் கட்டியவருக்கு இன்று அதே பொருளின் விளம்பரத்தைக் காட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இனி, அவசரப்படுவதைப் பற்றி. ஒரு ஆட் செட் (ஒரே ஆடியன்ஸும் பட்ஜெட்டும் கொண்ட விளம்பரத் தொகுப்பு) லேர்னிங் ஃபேஸைத் தாண்ட, அதாவது யாருக்குக் காட்டினால் பலன் என்று கற்று முடிக்க, 7 நாளில் சுமார் 50 முடிவுகள் (ஆர்டர் போன்றவை) தேவை. ஒரு ஆர்டருக்கு ஆகும் விளம்பரச் செலவை 50ஆல் பெருக்கி, 7ஆல் வகுத்தால் வருவதுதான் ஒரு ஆட் செட்டுக்கு நீங்கள் ஒதுக்க வேண்டிய தினசரித் தொகை. அவ்வளவு இல்லையென்றால் ஆறு ஆட் செட் போடாமல் ஒன்றே ஒன்று போடுங்கள். அல்லது வாங்குதலுக்குப் பதிலாகக் கார்ட்டில் சேர்ப்பதை இலக்காக வையுங்கள். இரண்டாம் நாளே பயந்து பட்ஜெட்டை இரட்டிப்பாக்குவது, படத்தை மாற்றுவது, ஆடியன்ஸைத் திருத்துவது, இவை ஒவ்வொன்றும் கற்றதை அழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும். கையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் பொறுங்கள்.

பதிவைக் காசு கொடுத்துப் பலருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனையும் யோசித்துத் தொடுங்கள். ஈடுபாட்டைக் கேட்டால் லைக் போடும் ஆட்களைத்தான் தேடித் தரும். விற்பனை வேண்டுமென்றால், விளம்பரங்களை அமைக்கும் கருவியான ஆட்ஸ் மேனேஜரில் சேல்ஸ் நோக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஏற்கெனவே ஃபாலோயர் வாங்கித் தொலைத்தவர்களுக்கு: போலிகளை ஒவ்வொன்றாக நீக்கலாம். ஆனால் பல ஆயிரம் இருந்தால் புதுப் பக்கம் தொடங்கி, பழைய வாடிக்கையாளரை அழைத்து வருவதே குறைந்த நஷ்டம். அப்போது பழைய பக்கத்தைப் புதியதோடு மெர்ஜ் செய்துவிடாதீர்கள், ஃபாலோயர் அத்தனையும் கூடவே வந்துவிடும். ஃபாலோயர் விற்றவருக்கு அட்மின் உரிமையோ பாஸ்வேர்டோ கொடுத்திருந்தால், இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் இன்றே அவரை வெளியேற்றுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள்.