புதுக்கடையின் லாபத்தில் பழைய கடையின் பங்கு எவ்வளவு?

கோவை அவினாசி சாலையில், நீலாம்பூர் பக்கம் ஒரு பெரிய தள்ளுபடி அங்காடி திறக்கும் திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிலம் 15 வருடக் குத்தகை. கட்டடம், ரேக், குளிர்பெட்டி என 40 கோடி ரூபாய் முதலீடு. வாடகை, சம்பளம், வரி எல்லாம் போக வருடத்துக்கு 6 கோடி கையில் நிற்கும். பதினைந்து வருடத்தில் 90 கோடி!

ஆனால், பணத்தை வட்டிக்கு விட்டுப் பழகிய ஊரில் இதை விளக்கவே வேண்டாம்: பதினைந்து வருடம் கழித்து வரும் 6 கோடி இன்றைய 6 கோடி ஆகாது. போட்ட பணத்துக்கு வருடம் 10 சதவீதமாவது வேண்டும் என்று நிறுவனம் நினைத்தால், அந்தக் கடைசி 6 கோடியின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 1.44 கோடிதான். இப்படி ஒவ்வொரு வருடப் பணத்தையும் குறைத்துக் கூட்டினால் 45.6 கோடி வரும். முதலீடு போக மிச்சம் 5.6 கோடி. இதற்கு நிகர தற்போதைய மதிப்பு என்று பெயர். பூஜ்யத்துக்கு மேலே நின்றால் திட்டம் தேறும்.

சரி, அதே நிறுவனத்துக்குப் பீளமேட்டில் ஏற்கெனவே ஒரு கடை இருந்தால்? அங்கே போய்க்கொண்டிருந்த குடும்பங்களில் சில இனி நீலாம்பூருக்கு வரும். அதனால் பழைய கடையில் வருடம் 1 கோடி குறைந்தால், புதுக்கடை உண்மையில் சேர்ப்பது 5 கோடி மட்டுமே. இன்றைய மதிப்பு 38 கோடிக்கு இறங்கிவிடுகிறது. திட்டம் 2 கோடி நஷ்டம். கடையில் கூட்டம் நெரியும், கல்லா நிறையும், ஆனாலும் நஷ்டம்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நாம் திறக்காவிட்டால் போட்டிக் கம்பெனி அங்கே திறந்து, அதே 1 கோடியைக் கொண்டுபோகும் என்றால்? எப்படியும் போகப்போகிற பணத்தைப் புதுக்கடையின் தலையில் எழுதுவது நியாயமில்லை. கணக்கு மறுபடி 5.6 கோடிக்கே ஏறும். மேலாளர்கள் இந்த வாதத்தை வசதிக்கேற்ப இழுப்பார்கள் என்பதும் உண்மை. இடத்தை ஆராயச் செலவழித்த பணமோ எந்தக் கணக்கிலும் வராது, அது போனது போனதுதான்.

இத்தனைக்கும் அடியில் நிற்பது விற்பனை மதிப்பீடு. நடுவே தடுப்புச்சுவர் உள்ள சாலையில் கடை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டும்? திருப்பூர் என்றால், பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம் போடுவார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எத்தனை பில் கவுன்ட்டர் வேண்டும்? இதெல்லாம் அந்த 6 கோடிக்குள் ஒளிந்திருக்கிறது.

அந்த மதிப்பீடு நடப்பில் பொய்த்துப்போவதும் உண்டு. அமெரிக்காவின் டார்கெட் என்ற தள்ளுபடி அங்காடி நிறுவனம் 2011இல் கனடாவின் ஜெல்லர்ஸ் கடைகளின் குத்தகை உரிமைகளை ஏறத்தாழ 180 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. 2013இல் கடைகள் திறந்தன. சரக்கு வழங்கல் தடுமாறி அலமாரிகள் காலியாகக் கிடந்தன. 2015இல் 133 கடைகளையும் மூடிவிட்டு வெளியேறியது.