பர்கர்: பெயருக்குள் ஒரு கோட்டை

ஹாம்பர்கரில் ‘ஹாம்’ எனப்படும் பன்றிக்கறி கிடையாது. உள்ளே இருப்பது மாட்டுக்கறி. சொல்லைத் தப்பான இடத்தில் பிரிப்பதால் வரும் குழப்பம் இது. ஹாம்பர்க் + அர் என்று பிரிக்க வேண்டும். ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்கைச் சேர்ந்தது என்று பொருள். புதுக்கோட்டைக்காரர் என்கிறோமே, அதே மாதிரி. இன்னும் நெருக்கமாகப் பார்த்தால், ‘பர்க்’ என்பதே ஜெர்மன் மொழியில் கோட்டைதான். 9ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹம்மாபுர்க் கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. இலங்கையில் பறங்கியரை ‘பர்கர்’ என்பதும் இதே வேரில் இருந்து வந்ததே. டச்சு மொழியில் அதற்கு நகரவாசி என்று அர்த்தம்.

கொத்துக்கறியைத் தட்டிச் சுட்ட ‘ஹாம்பர்க் ஸ்டேக்’ 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க உணவகங்களில் கிடைத்தது. அதை முதலில் ரொட்டிக்குள் வைத்தது யார் என்பதில் அங்கே நாலைந்து ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. ஆனால் அதைக் கடை கடையாகப் பரப்பியவர்கள் யார் என்பதில் சந்தேகமில்லை. 1921இல் கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் சமையல்காரர் வால்டர் ஆண்டர்சனும் பில்லி இங்கிராமும் சேர்ந்து ‘ஒயிட் காசில்’ என்ற பர்கர் கடையைத் தொடங்கினார்கள். பெயரின் பொருள் வெள்ளைக் கோட்டை. ஹாம்பர்கின் வேர் தெரிந்து வைத்தார்களோ இல்லையோ, கோட்டைக்குள் கோட்டை அமைந்துவிட்டது!

வெள்ளைக்குக் காரணம் உண்டு. கொத்திய கறியில் என்னென்ன கலந்திருக்குமோ என்று மக்கள் பயந்த காலம் அது. அதனால் கடைச் சுவர் வெள்ளை, வாடிக்கையாளர் கண்ணெதிரே சமையல், விலை 5 சென்ட். கல்லில் வெங்காயத்தைப் பரப்பி, மேலே சின்னச் சதுரக் கறியை வைத்து, அதன்மேல் பன்னை மூடுவார்கள். வெங்காய ஆவியிலேயே எல்லாம் வெந்துவிடும். ஆவி சீக்கிரம் ஏறப் பிற்பாடு கறியில் 5 துளைகள் போட்டார்கள். திருப்பிப் போடும் வேலையும் மிச்சம். 1934இல் தலைமையகம் ஒஹையோவின் கொலம்பசுக்கு மாறியது. இன்றும் குடும்ப நிறுவனம்தான். கடைகளில் பெரும்பாலானவை அமெரிக்க மத்திய மேற்கிலும் நியூயார்க் வட்டாரத்திலுமே இருக்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஹாம்’ என்ற ஒலியை நம்பிப் பன்றிக்கறி ரொட்டி என்று பெயர்த்தால் தவறு. மாட்டிறைச்சி ரொட்டி என்றால் காய்கறி பர்கரை என்ன செய்வது? உள்ளே வைக்கும் தட்டையான ‘பேட்டி’க்கு (patty) வடை என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. கறிவடை, காய்வடை இரண்டுக்கும் அது பொருந்தும். ஆகவே வடை பன் என்பதே என் தேர்வு. இட்லியை எல்லா மொழியும் இட்லி என்பதுபோல, ஊர்ப்பெயரில் இருந்து வந்த பர்கரை அப்படியே வைத்துக்கொள்வதும் தப்பில்லை.