குடிச்சாத்தான் பேசுவான் என்று காத்திருக்காதீர்கள்

எங்கள் தென் மாவட்டங்களில் எந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கண்ணில் படும். நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையனின் படம், பக்கத்தில் பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே வரிசையாக நண்பர்களின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், கடைசியில் "ஆழ்ந்த வருத்தத்தில் உயிர் நண்பர்கள்". சிலர் பைக் விபத்தில் போனவர்கள். சிலர் அப்படி இல்லை, தற்கொலை. அது ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

போன வாரம் அப்படி ஒரு ஃப்ளெக்ஸின் கீழ்வரிசையில் இருந்த இரண்டு பேர் என்னுடைய மனநல ஓ.பி.க்கு வந்தார்கள், தூக்கமே வரவில்லை என்று. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவன் எங்ககிட்ட சொன்னான் சார். ஆனா போதைல சொன்னான், அதனால நாங்க பெருசா எடுத்துக்கல." இந்தப் பையன்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதே வாக்கியத்தை வேறு வேறு வாயிலிருந்து எத்தனை முறைதான் கேட்பது? அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் சுமார் 72 சதவீதம் ஆண்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 18 முதல் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பையன்களின் பிரச்சினை இது என்று நினைத்தால் அதுவும் தப்பு. இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலி வேலை செய்தவர்கள்.

இதைப் பேசும்போதெல்லாம் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உண்மையான நண்பர்கள் இல்லை, எல்லாம் போன்தான்" என்று யாராவது சொல்வார்கள். நான் பார்த்தவரை நம் ஊரில் அது உண்மையில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள், நண்பனின் அப்பாவுக்கு ரத்தம் வேண்டுமென்றால் ஆறு பேர் வரிசையில் நிற்பார்கள், அவன் தங்கச்சி கல்யாணத்தில் விடிய விடியப் பந்தி பரிமாறுவார்கள். பாசத்துக்குக் குறைவே இல்லை. குறைவது ஒன்றுதான்: பகல் வெளிச்சத்தில், போதை இல்லாமல், "எனக்கு மனசு சரியில்ல மாப்ள" என்று சொல்ல ஓர் இடம். அப்படி ஒருவன் சொல்லிவிட்டால் சுற்றி இருப்பவர்களுக்குக் கையும் காலும் ஓடாது. ஒருவன் தோளில் தட்டி "விடு மாப்ள, பாத்துக்கலாம்" என்பான், இன்னொருவன் ஏதாவது மீம் சொல்லிச் சிரிக்க வைப்பான், மூன்றாமவன் "வா, சாயங்காலம் போடலாம்" என்பான். அவன் ஆரம்பித்த வாக்கியம் பாதியிலேயே நின்றுவிடும்.

சரி, சாயங்காலம் போட்டால் என்ன ஆகும்? இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போகிறது. "குடிச்சா மனசு விட்டுப் பேசிடுவான் சார், பாரம் இறங்கிடும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள், சில அம்மாக்களே சொல்கிறார்கள், "அவன் எப்பவும் அழுத்தக்காரன், ரெண்டு பீர் உள்ள போனாத்தான் வாயே திறப்பான்" என்று. பாரம் இறங்குவதில்லை. தயவுசெய்து இதை நம்பாதீர்கள். அவன் அழுகிறான், நீங்கள் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்கிறீர்கள், அவன் தலையாட்டுகிறான். ஆனால் அளவுக்கு மீறிப் போதை ஏறிய மூளையில் புதிதாக எதுவும் பதிவதில்லை. நீங்கள் சொன்ன ஆறுதல் அவனுக்குள் போகவே இல்லை. காலையில் அவனிடம் மிஞ்சுவது தலைவலியும், நாலு பேர் முன்னால் அழுது மானத்தை வாங்கிக்கொண்டோமே என்ற கூச்சமும்தான். அப்போது வருகிறது அந்த போன்: "நேத்து ஏதாச்சும் உளறிட்டேனா மாப்ள?" நீங்கள் சொல்கிறீர்கள்: "ஒண்ணும் இல்ல, விடு." இருவருக்குமே அப்பாடா என்று இருக்கிறது. அவன் உயிரைப் பற்றிச் சொன்ன ஒரு சேதியை இரண்டு பேரும் சேர்ந்து மூடிவிட்டீர்கள்.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோமே, கடன் வாங்கல் கொடுக்கல் விஷயத்தில் அது பொருந்தலாம். "எனக்கு வாழவே பிடிக்கலடா" என்று ஒருவன் சொன்னால் அங்கே அந்தப் பழமொழியைக் கொண்டுவராதீர்கள். பல நேரம் போதை அந்த எண்ணத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை, வாயில் போட்டிருந்த பூட்டைத்தான் கழற்றுகிறது. கூடவே கையில் இருந்த பூட்டையும் கழற்றிவிடுகிறது, பயமே அதில்தான். தெளிவாக இருக்கும்போது நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டிருக்கக்கூடிய ஒன்றை, அந்தப் பத்து நிமிட வேகத்தில் செய்துவிடுகிறான். காஷுவாலிட்டியில் நைட் டியூட்டி பார்த்த எந்த டாக்டரையும் கேளுங்கள், முயற்சி செய்து தூக்கிவரப்படும் ஆண்களில் எத்தனை பேர் மேல் சாராய வாடை அடிக்கிறது என்று. இரவில் குடித்துவிட்டு விழுந்தவனுக்கு விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குத் தூக்கம் கலையும். மனச்சோர்வு உள்ள பலருக்கு ஒரு நாளிலேயே மோசமான நேரம் அதுதான். அந்த நேரத்தில் நண்பர்கள் எல்லோரும் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்கும் மேலாக, கேட்டவர்களும் போதையில்தானே இருந்தார்கள்? யார் என்ன சொன்னார்கள் என்று மறுநாள் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

இருபத்தெட்டு, முப்பதைத் தாண்டியவர்கள் நிலை இன்னும் மோசம். ஒருவன் துபாயில், ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனியில். வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் ஸ்டிக்கர் தவிர வேறொன்றும் ஓடுவதில்லை. லீவில் ஊருக்கு வந்தால் ஒரே ஒரு பார்ட்டி. வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் அந்தப் பேச்சும் போதைப் பேச்சாகவே போய்விடுகிறது.

சொல்லாத வேதனை வெளியே வரக் குடி ஒரு வழி என்றால் உடம்பு இன்னொரு வழி. நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டுவது, வயிற்றெரிச்சல், பிடரியில் வலி. கையில் ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் ஈசிஜி, எக்கோ, டிஎம்டி, எண்டோஸ்கோபி என்று பத்தாயிரம் ரூபாய்க்கு ரிப்போர்ட்கள். எல்லாம் நார்மல். "எப்போதிலிருந்து?" என்று கேட்டால் தேதி சொல்வான். அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று கேட்டால் முதலில் ஒன்றுமில்லை என்பான், கூட வந்தவரை வெளியே உட்காரச் சொன்ன பிறகு கண் கலங்கும். இளம் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "எல்லாம் நார்மல், டென்ஷன் ஆகாதீங்க" என்று சீட்டை நீட்டாதீர்கள். தூக்கம் எப்படி, வீட்டில் எப்படி, குடி எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கு எந்த ஓ.பி. கூட்டத்திலும் நேரம் இருக்கும்.

மூன்றாவது வழி கோபம். ஆண்களில் மனச்சோர்வு பல நேரம் சோகமாகத் தெரியாது. எரிந்து விழுவது, சின்ன விஷயத்துக்குக் கை ஓங்குவது, பைக்கை உயிர்ப் பயமில்லாமல் ஓட்டுவது என்றுதான் தெரியும். அதிலும் காதல் முறிந்த விஷயம் என்றால் நண்பர்களே சேர்ந்து அந்தத் துக்கத்தைக் கோபமாக மாற்றிக் கையில் கொடுக்கிறார்கள். "நீயெல்லாம் ஆம்பளையா? சும்மா விடலாமா?" அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னாள், அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது, இவனுக்கு வலிக்கிறது, அந்த வலியும் உண்மை. இரண்டையும் ஒரே வாயால் சொல்லக்கூடிய ஒரு நண்பன் போதும். அவள் போட்டோவை ஸ்டேட்டஸில் போடலாம், அவள் வீட்டுத் தெருவில் போய் நிற்கலாம் என்று கூட்டமாக ஏற்றிவிடுபவர்கள் அந்தப் பெண்ணையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள், நண்பனையும் ஜெயிலுக்கு அனுப்புகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கெஞ்சவில்லை, கண்டித்தே சொல்கிறேன்.

அப்பாக்களுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. "ஆம்பளப் புள்ள அழலாமா" என்பதை ஐந்து வயதில் ஆரம்பித்துவிட்டு, இருபத்தைந்தில் "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மார்ச்சுவரி வாசலில் நின்று கேட்காதீர்கள். சொல்லும் பழக்கம் அவனுக்கு எங்கிருந்து வரும்?

இனி நண்பர்கள் செய்ய வேண்டியது. அவன் போதையில் என்ன சொல்லியிருந்தாலும் சரி, மறுநாள் தெளிந்த பிறகு நீங்களே போய்க் கேளுங்கள். போனில் வேண்டாம், குரூப்பில் வேண்டவே வேண்டாம், தனியாக. முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசப் பையன்களுக்குக் கூச்சம், அதனால் டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள், அல்லது பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஊருக்கு வெளியே மெதுவாக ஓட்டுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பேச்சு வரும். "நேத்து நீ ஒண்ணு சொன்ன, எனக்கு அது மறக்கல, உண்மையா சொல்லு" என்று ஆரம்பித்தால் போதும். அவன் சிரித்து மழுப்புவான். சும்மா இருங்கள், அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள். யோசனை சொல்லாதீர்கள். "என் நிலைமை தெரியுமா" என்று உங்கள் கதைக்குத் தாவாதீர்கள். "ஓவர் திங்க் பண்ணாத" என்பதை அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறீர்கள். அப்படி நடப்பதில்லை. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு தனியாக அல்லாடிக்கொண்டிருப்பவனுக்கு, ஒருவன் கூசாமல் கேட்டதே பெரிய ஆறுதல். ஆமாம் என்று சொன்னால் பதறாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், "அம்மாவை நினைச்சுப் பாரு" என்று குற்ற உணர்வைக் கூட்டாதீர்கள். அன்றைக்கு அவனைத் தனியாக விடாதீர்கள், ஒரு சொட்டுக் குடி கூடாது, வீட்டில் ஆபத்தான பொருள் எது இருந்தாலும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லாத மாப்ள" என்பான். சொல்லத்தான் வேண்டும். அவன் கோபித்துக்கொள்ளட்டும், ஆறு மாதம் பேசாமல் இருக்கட்டும், பரவாயில்லை. வீட்டில் யார் நிதானமானவரோ அவரிடம் சொல்லுங்கள், அது அக்காவாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம்.

ராத்திரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416. இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணும் உண்டு. சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. அவன்தான் பேச வேண்டும் என்பதில்லை, அவனுக்காகக் கவலைப்படும் நீங்களும் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம். முயற்சியே செய்துவிட்டான் என்றால் நேராக ஆஸ்பத்திரி, வேறு யோசனையே வேண்டாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "தெரியாம நடந்துடுச்சு" என்று கதை சொல்லிப் பாதி வைத்தியத்தோடு வீட்டுக்குக் கூட்டிப்போகும் குடும்பங்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை, அவருக்குச் சிகிச்சை தருவதை அரசின் கடமை ஆக்குகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றம் என்று சொன்ன பழைய 309-ஆம் பிரிவே கிடையாது. உண்மையைச் சொல்லுங்கள், என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் எங்களால் வைத்தியம் செய்ய முடியும்.

மனநல ஓ.பி. என்றதும் கீழ்ப்பாக்கம், கரண்ட் ஷாக் என்று யோசிக்காதீர்கள். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது, சீட்டு வாங்கிக்கொண்டு எல்லா நோயாளிகளையும் போல உட்கார வேண்டியதுதான். வருபவர்கள் எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பதில்லை, பலருக்குப் பேச்சே போதும். மாத்திரை தேவைப்பட்டாலும் மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதை மாத்திரைகள் அல்ல, அவை வேலை செய்யவே இரண்டு, மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் "இதுல ஒண்ணும் ஆகல" என்று பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். இளவயதுப் பையன்களுக்கு அந்த ஆரம்ப வாரங்களில் சிலநேரம் பதற்றம் கூடலாம், ஒரு கண் அவன் மேல் இருக்க வேண்டும். கூட வரும் நண்பனிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த ஓ.பி. தேதியை உங்கள் போனிலும் ரிமைண்டர் போட்டு வையுங்கள், அதுவரை அவனைச் சரக்கடிக்கக் கூப்பிடாதீர்கள்.