ஆர்க்ரைட்: பத்தாயம் செய்தவர் வீட்டுப் பெயர்

தொழிற்புரட்சிப் பாடத்தில் ஹார்கிரீவ்ஸ், கிராம்ப்டன் என்று போகும் வரிசையில் ரிச்சர்ட் ஆர்க்ரைட்டும் வருவார். இங்கிலாந்திலேயே அதிகம் காணக்கிடைக்காத குடும்பப் பெயர் அது.

'ஆர்க்' என்றதும் நோவாவின் கப்பல் ஞாபகம் வரும். ஆனால் சொல்லின் அடிப்பொருள் பெட்டிதான், இலத்தீனில் 'ஆர்கா'. தமிழ் விவிலியம் இதில் தெளிவாக இருக்கிறது, நோவா ஏறியதைப் 'பேழை' என்றே சொல்கிறது. லங்காஷயர் முதலான வட இங்கிலாந்துப் பகுதிகளில் மாவும் தானியமும் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டிக்கு 'ஆர்க்' என்று பெயர். பிளந்தெடுத்த ஓக் பலகைகளை மர முளை அடித்துப் பொருத்துவார்கள். கூரை போல் மேடிட்ட மூடியைக் கழற்றி மல்லாத்தி வைத்தால், அதிலேயே ரொட்டி மாவு பிசையலாம்.

'ரைட்' என்பதற்கு எழுதுவதோடும் உறவில்லை, சரி தவறோடும் உறவில்லை. செய்பவர் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் தேய்வு அது. வீல்ரைட் சக்கரம் செய்பவர். வெயின்ரைட், கார்ட்ரைட் இரண்டும் வண்டித் தச்சர். நாடகாசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்'டில் இருப்பதும் இதே ரைட்தான்.

அப்படியானால் ஆர்க்ரைட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'பேழைத் தச்சர்' என்றால் பிழையில்லை. ஆனால் பேழை என்றதும் நகையோ சுவடியோதான் கண்ணில் படும், மாவு படாது. குதிர் மண்ணால் ஆனது, அதனால் ஒத்துவராது. நெல் கொட்டி வைக்கும் மரப்பத்தாயம்தான் கச்சிதம். பத்தாயத் தச்சர் என்பேன்.

பெட்டிக்கு 'ஆர்க்' என்பது வடக்கத்தி வழக்கு. அதனால் பெயரும் பெரும்பாலும் லங்காஷயர் வட்டாரத்தோடு நின்றது. தச்சர் எல்லாருக்கும் பொதுவான 'ரைட்' மட்டும் நாடெங்கும் பரவியது.

1732இல் பிரஸ்டனில் பிறந்த ரிச்சர்டின் காலத்தில் பெயர் மட்டும்தான் மிச்சம். அப்பா தையல்காரர், இவர் முடிதிருத்துபவர், விக் செய்பவர். 1769இல் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கி, 1771இல் கிராம்ஃபோர்டில் நீர்விசையில் ஓடும் ஆலையைத் தொடங்கினார். 1785இல் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கியவரோ எட்மண்ட் கார்ட்ரைட். பெயரளவில் வண்டித் தச்சர், தொழில் பாதிரியார்.