பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாலும் ஏஆர்டி மாத்திரை நிற்க வேண்டியதில்லை

கர்ப்பத்தின்போது எச்ஐவி இருப்பது தெரிந்து, அந்தக் கிருமியை அடக்கி வைக்கும் ஏஆர்டி மாத்திரை தொடங்கிய பெண்களில் சிலர், குழந்தை பிறந்த சில மாதங்களில் அதை விட்டுவிடுகிறார்கள். அலட்சியம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையில் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், இது எல்லாம் ஒன்றாகக் கிடக்கும், "அதான் புள்ள பொறந்தாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று வீட்டில் கேட்பார்கள், உண்மையைச் சொல்லவும் முடியாது, கடைசியில் மற்றதோடு சேர்ந்து இதுவும் நின்றுபோகும்.

இரும்புச்சத்து மாத்திரைக்கு முடிவு உண்டு, இதற்குக் கிடையாது. இந்தியாவில் எச்ஐவி உள்ள எல்லோருக்கும், சிடி4 எண்ணிக்கை (நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணுக்களின் அளவு) எவ்வளவு இருந்தாலும், அரசு ஏஆர்டி மையங்களில் ஆயுள் முழுக்க இலவச சிகிச்சை உண்டு. பால் கொடுக்கும் காலத்தில் மாத்திரையை நிறுத்தினால் ரத்தத்திலும் பாலிலும் கிருமி மறுபடி பெருகும், அதுவரை பத்திரமாக இருந்த குழந்தைக்கும் ஆபத்து.

சரி, அம்மா வீடு வேறு ஊரில் இருந்தால்? கிளம்பும் முன்பே உங்கள் மையத்தில் சொல்லுங்கள். உடம்பு நிலையாக இருப்பவர்களுக்குச் சில மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுக்க வழி இருக்கிறது. அங்கேயே தங்குவதானால் பக்கத்து மையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொள்ளலாம். சொல்லாமல் வந்துவிட்டீர்களா, மாத்திரை தீரும் முன்பே, உங்கள் மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகத்தோடு அருகிலுள்ள ஏஆர்டி மையத்துக்குப் போய், வெளியூர்க்காரர் என்று சொல்லிக் கேளுங்கள். அந்தப் புத்தகத்தைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொண்டால் கிளம்பும் அவசரத்தில் மறக்காது.

இடையில் விட்டுவிட்டவர்கள், மையத்தில் திட்டுவார்களோ என்று பயந்தே போகாமல் இருக்கிறார்கள். தயவுசெய்து போங்கள். எத்தனை மாதம் விட்டிருந்தாலும் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள், எவ்வளவு நாள் விட்டீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எச்ஐவி தொற்றாமல் இருக்க, குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து குறைந்தது 6 வாரம் தடுப்பு மருந்து உண்டு. 6-வது வாரத்தில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் முதல் பரிசோதனை. அதில் இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது, 18 மாதத்தில் செய்யும் பரிசோதனை வரை போக வேண்டும்.

எச்ஐவியைக் காரணம் காட்டி எந்த ஆஸ்பத்திரியும் சிகிச்சை மறுக்கக் கூடாது, உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. 2017-ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ள எச்ஐவி-எய்ட்ஸ் சட்டம் சொல்வது இது. பக்கத்தில் எந்த மையம் என்று தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை.