அமில மழை: ஒரு சொல், ஒரு யோக்கட் கப், கொஞ்சம் பயறு

அமில மழை என்றால் புளித்த மழை. இது கேலியல்ல, சொல்லின் வேரே அப்படித்தான். வடமொழியில் ‘அம்ல’ என்பது புளிப்பு. தமிழ் நாக்குக்கு அந்த மெய்க்கூட்டு ஒத்துவராததால் நடுவில் ஓர் இகரத்தை இட்டு ‘அமிலம்’ ஆக்கிக்கொண்டோம். இலத்தீனில் ‘அசிடஸ்’ என்றாலும் புளிப்புத்தான். பற்றரிக் கடையில் நாம் சொல்லும் ‘அசிட்’ அந்த வழியில் வந்தது. சிங்களத்தில் ‘அம்ல வெசி’ என்பார்கள். திருகோணமலையில் புழங்கும் மூன்று மொழிகளும் இந்தப் பொருளுக்கு நாக்கின் ருசியிலிருந்தே பெயர் எடுத்திருக்கின்றன. முதலில் அந்தச் சொல்; பிறகு, அந்த மழை செடியை என்ன செய்யும் என்று யோக்கட் கப்பில் பயறு நட்டுப் பார்க்கும் மாணவர் பரிசோதனை.

ஆங்கிலத் தொடரை நிலைபெறச் செய்தவராகக் கருதப்படுபவர் ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் ரொபர்ட் அங்கஸ் ஸ்மித். நிலக்கரிப் புகை மூடிய மான்செஸ்டர் நகரின் மழைநீரை அவர் ஆராய்ந்து எழுதியது 1852இல். ‘அசிட் ரெயின்’ என்ற தொடர் அவருடைய 1872ஆம் ஆண்டு நூலில் வருகிறது. நம் திருகோணமலைப் பக்கத்தில், 2016இல் கைவிடப்பட்ட சம்பூர் நிலக்கரி அனல்மின் திட்டம் பற்றிய வாதங்களில் இந்தச் சொல்லும் அடிபட்டது. நிலக்கரியிலும் எண்ணெயிலும் உள்ள கந்தகம் எரிந்து கந்தகவீரொட்சைட்டாகி, காற்றில் ஒட்சியேறி, நீரோடு சேர்ந்து சல்பூரிக் அமிலமாகிறது. வாகனங்களும் உலைகளும் கக்கும் நைதரசன் ஒட்சைட்டுகள் நைத்திரிக் அமிலமாகின்றன.

எவ்வளவு புளித்தால் அமில மழை? தூய மழையும் நடுநிலையானதல்ல. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைவதால் அதன் பி.எச். பெறுமானம், அதாவது 7ஐ நடுநிலையாகக் கொண்ட அமில அளவு, ஏறத்தாழ 5.6. அதற்குக் கீழே இறங்கினால்தான் இந்தப் பெயர். ஓர் அலகு இறங்கினால் ஐதரசன் அயன் செறிவு பத்து மடங்கு கூடும். 4 என்பது 5ஐ விடப் பத்து மடங்கு, 6ஐ விட நூறு மடங்கு.

இனித் தமிழ்ச் சொல். ‘திராவக மழை’ என்று எழுதுவோர் உண்டு. பத்திரிகைகளில் ‘திராவக வீச்சு’ பழகிப்போனதால் வந்த வினை. திராவகத்தின் வடமொழி வேருக்கு உருகுதல், ஓடுதல் என்றே பொருள். புளிப்பு அதில் இல்லை. எந்த மழைதான் ஓடாது? தனித்தமிழ் விரும்புவோர் ‘காடி மழை’ என்பர். காடி நல்ல பழைய சொல், புளித்த கஞ்சிக்கும் வினாகிரிக்கும் உரியது. ஆனால் ‘காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி’ என்று கேட்டு வளர்ந்தவருக்குக் காடி என்பது குடிக்கிற சாமான். பாடநூல், பரீட்சைத்தாள் இரண்டிலும் ‘அமில மழை’யே நிலைத்துவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை.

குறை சொல்வதானால் பின்பாதியைத்தான் சொல்ல வேண்டும். அமிலம் மழையாக மட்டும் இறங்குவதில்லை. பனி, மூடுபனி, உலர்ந்த வாயு, துகள் என்று பல வழிகளில் இலையிலும் மண்ணிலும் படிகிறது. அத்தனையையும் சேர்த்துச் சொல்ல ‘அமிலப் படிவு’ என்பதே சரி. அதேபோல, மாணவர் போத்தலில் கலந்து தெளிப்பது அமில மழையல்ல, ‘செயற்கை அமில மழை’. அறிக்கையின் தலைப்பிலேயே அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட வேண்டும்.

இந்தப் பரிசோதனையில் அதிகம் கெட்டுப்போவது கரைசல். வழக்கமாக வினாகிரியை எடுத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, பி.எச். ஓர் அலகு ஏறிவிட்டதாக எழுதிவிடுவார்கள். ஏறாது. வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலம் மென்னமிலம், நீரில் ஒரு பகுதியே அயனாகப் பிரியும். பத்து மடங்கு ஐதாக்கினால் அரை அலகுதான் ஏறும், அதாவது 2.4 இலிருந்து 2.9. (‘ஐது’ என்பது மென்மையைக் குறிக்கும் சங்ககாலச் சொல். தமிழகம் ‘நீர்த்த’ என்று எழுதும் இடத்தில் நாம் ‘ஐதான’ என்கிறோம்.) ஐந்து சதவீத வினாகிரியில் பி.எச். 3 வேண்டுமானால் ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர்; 4 வேண்டுமானால் ஒரு மில்லிலீற்றர்கூட வேண்டாம், 0.8 போதும். அப்படியே சரியாகக் கலந்தாலும் அசற்றிக் அமிலம் களைகொல்லியாகவும் வேலை செய்வதால், செடி வாடியது புளிப்பாலா வினாகிரியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே பாடசாலை ஆய்வுகூடத்தில் லீற்றருக்கு 0.05 மோல் செறிவுள்ள சல்பூரிக் அமிலம் கேட்டு வாங்குவதே மேல். அதில் 10 மில்லிலீற்றரைக் காய்ச்சி வடித்த நீரில் விட்டு ஒரு லீற்றராக்கினால் பி.எச். 3. அந்தக் கரைசலில் 100 மில்லிலீற்றரை மறுபடி ஒரு லீற்றராக்கினால் 4. இது வன்னமிலம் என்பதால் பத்துக்கு ஒன்று என்ற கணக்கு இங்கே பொருந்தும். அமிலத்தை நீரில் விட வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல. அளப்பது ஆசிரியர் கையால். பற்றரி அசிட்டைத் தொடவே வேண்டாம்: செறிவு மிக அதிகம், பழைய பற்றரியானால் ஈயமும் இருக்கும்.

கிணற்று நீரில் கலந்தால் வேலை வீண். அதில் கரைந்துள்ள ஐதரசன் காபனேற்று, பி.எச். 4 கரைசலில் இருக்கும் சொற்ப அமிலத்தை அப்படியே விழுங்கிவிடும். பாசிச்சாயத் தாள் அமிலமா காரமா என்று மட்டுமே சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது; 0.5 அலகாவது காட்டும் பி.எச். தாள் வேண்டும். கூரையில் வழிந்த மழைநீரும் ஆகாது. அஸ்பெஸ்டஸ் தகட்டிலுள்ள சீமெந்து காரத்தன்மை கொண்டது.

மண்ணிலும் இதே சிக்கல். கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும். அது கல்சியம் காபனேற்று. ஒரு பிடி மணலில் நாலு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்த மணல் உங்கள் அமிலத்தைத் தின்றுவிடும். கழுவிய ஆற்று மணலே நல்லது.

அடியில் துளையிட்ட யோக்கட் கப்புகளில், இரவு ஊறவைத்த பயறு எட்டெட்டாக இட்டு, முளைத்தபின் ஐந்தை விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். ஒரு கரைசலுக்கு மூன்று கப். காய்ச்சி வடித்த நீர், பி.எச். 4, பி.எச். 3 என்று மூன்று தொகுதி. திருகோணமலையில் செய்பவர் நாலாவதாக ஒன்று சேர்ப்பது நல்லது: ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரில் ஒரு பங்கு கடல்நீர். வாடைக்காற்றுக் காலத்தில் கடலோர வீடுகளில் இலைநுனி கருகினால் பழி புகைமேல் விழும். பெரும்பாலும் அது உப்புத்தூறலின் வேலை. உப்பு இலையை ஓரத்திலிருந்து கருக்கும். அமிலம் துளி நின்ற இடத்தில் வெளிறிய புள்ளியாகத் தொடங்கிப் பழுப்பாகும். இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அறிக்கைக்கு வேறு படமே தேவைப்படாது.

காலையில் கப்புக்கு 10 மில்லிலீற்றர், இலை நனையும்படி, 14 நாள். உச்சி வெயிலில் தெளித்தால் துளி வற்றி அமிலம் செறிந்து, நீங்கள் கலந்ததை விடப் புளித்த கரைசல் இலையில் நிற்கும். தண்டின் உயரத்தை ஒரே ஆள் ஒரே அடிமட்டத்தால் இரண்டு நாளுக்கொருமுறை அளக்க வேண்டும். கடைசி நாளில் வேரைக் கழுவி நீளம் பார்க்க வேண்டும்.

பி.எச். 3இல் புள்ளிகள் வரக்கூடும். 4இல் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அங்கேதான் பலர் பயந்து அளவுகளைத் ‘திருத்துகிறார்கள்’. இரண்டு கிழமை, கழுவிய மணல், கப்புக்கு ஐந்து பயற்றங்கன்று. இதில் வித்தியாசம் தெரியாமற்போவதும் ஒரு பெறுபேறுதான். உண்மையான அமிலப் படிவு காடுகளில் ஆண்டுக்கணக்காக மண்ணின் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவி, அலுமினியத்தை வேர்ப்பக்கம் கரைத்துவிடுவதால் கேடு செய்கிறது. கழுவிய மணலில் அந்தக் கேட்டுக்கு இடமே இல்லை. அறிக்கையில் ‘பி.எச். 4இல் 14 நாளில் வேறுபாடு காணப்படவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் ஒவ்வொரு கன்றின் உயரத்தையும் கொடுத்துவிட வேண்டும்.